அளந்தறியும் நெறி: பாடத்திட்டம், சிந்தனை மீட்சி, இடுபணி ஆகியவற்றை மதிப்பிடும் அறிவியல்

ஆசிரியர் ஒருவர் ஒரு பாடவேளைக்கு எழுதிய பாடத்திட்டத்தைப் படித்த இருவருள் ஒருவர் அதனைச் சிறப்பு என்றும் மற்றவர் குறை என்றும் தீர்ப்பளித்தால், அத்தீர்ப்புகளால் பாடத்திட்டத்தின் தரம் நமக்கு விளங்குவதில்லை. தீர்ப்பளித்த இருவரின் இயல்புதான் விளங்குகிறது. எழுதியவர்க்கோ அதனால் பயன் சிறிதும் இல்லை. எதைத் திருத்த வேண்டும் என்பதை அவர் அறிவதற்கு வழியில்லை. கல்வியியல் நூறாண்டுக்கும் மேலாக ஆராய்ந்துவரும் சிக்கல் இது. இதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று, ஆசிரியர்கள் ருப்ரிக் என வழங்கும் மதிப்பீட்டுச் சட்டகம். அதன் ஆற்றல் எது, எல்லை எது, அது நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஏன் இன்றியமையாதது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

மஞ்சோங் மாவட்டத்தின் நிலை

பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையில், கடற்படைத் தளத்தாலும் பங்கோர்த் தீவுக்குச் செல்லும் படகுத்துறையாலும் பெயர்பெற்றது லூமுட். அதனை உள்ளடக்கிய மஞ்சோங் மாவட்டத்தில் தமிழ்ப்பள்ளிகள் பல உள்ளன. சித்தியவானில் மகா கணேசா வித்தியாசாலை உண்டு. கடல் கடந்து பங்கோர்த் தீவிலும் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு. ரப்பர்த் தோட்டங்களோடு பிறந்து, தோட்ட மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின்னும் நிலைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு.

இவ்வகைப் பள்ளிகள் பல மிகச் சிறியவை. 150 மாணவர்க்கு மேற்படாத பள்ளியைக் குறைந்த மாணவர் கொண்ட பள்ளி என மலேசியக் கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. அத்தகைய பள்ளியில் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கு ஒரு வகுப்பே இருக்கும். அவ்வகுப்புக்குத் தமிழ்மொழி கற்பிப்பவரும் ஒருவரே. அவர் மாணவர்க்கு வழங்கும் தரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஆண்டில் அதே பாடத்தைக் கற்பிக்கும் மற்றோர் ஆசிரியர் அப்பள்ளியில் இல்லை.

இந்தத் தனிமை அண்மைக் காலத்தில் பெரும்பொருள் பெற்றுவிட்டது. 2011-இல் தொடக்கப்பள்ளிகளுக்குப் புதிய தரக் கலைத்திட்டம் வந்தபோது, பள்ளிசார் மதிப்பீடும் உடன் வந்தது. 2019-இல் முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கான தேர்வுகள் நீக்கப்பட்டன. ஆறாம் ஆண்டு இறுதியில் நாடு முழுமைக்கும் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் ஒரு மாணவர் ஆறு அடைவுநிலைகளுள் எதில் நிற்கிறார் என்பதை அவருடைய ஆசிரியரே முடிவு செய்கிறார். வெளியிலிருந்து வந்த அந்த வினாத்தாள் அகன்ற இடத்தில் பெருமளவில் ஆசிரியரின் தொழில்சார் தீர்ப்பு வந்து அமர்ந்துள்ளது. அத்தீர்ப்பு நடுவுநிலையில் நிற்பதற்கு அதன் அடிப்படை எழுத்தில் இருந்தாக வேண்டும்.

ஆசிரியர்களும் மதிப்பிடப்படுகின்றனர். 2017-இல் நடைமுறைக்கு வந்த மலேசியக் கல்வித் தரத்தின் இரண்டாம் அலை, கற்பித்தலைத் தனித் தரமாக வகுத்து, ஆசிரியரைத் திட்டமிடுபவர், நெறிப்படுத்துபவர், வழிகாட்டுபவர், ஊக்குவிப்பவர், மதிப்பிடுபவர் என ஐந்து பணிகளிலும், மாணவரை முனைப்போடு கற்பவராக ஆறாவது கூற்றிலும் வைத்து, 0 முதல் 4 வரை புள்ளி வழங்குகிறது. தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றி 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும், நாட்டிலுள்ள ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் பயிலும் பயிற்சி ஆசிரியர்களின் பாடத்திட்டம், கற்பித்த பாடத்தைப் பின்னர் மீள ஆராய்ந்து எழுதும் சிந்தனை மீட்சி, இடுபணிக் கட்டுரை ஆகிய மூன்றும் மதிப்பிடப்படுகின்றன. மாணவர் முதல் ஆசிரியர் வரை எல்லாரும் அளக்கப்படும் காலம் இது. ஆதலால் அளவையைப் பற்றிய அறிவு எல்லார்க்கும் வேண்டும்.

மதிப்பெண்ணின் நிலையாமை

1912-இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், உயர்நிலைப்பள்ளி மாணவர் எழுதிய ஆங்கில விடைத்தாள்கள் இரண்டைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினர். 142 ஆசிரியர்கள் மதிப்பெண் இட்டுத் திருப்பினர். ஒரு தாள் 64 முதல் 98 வரையும், மற்றொன்று 50 முதல் 97 வரையும் பெற்றன. மொழிப்பாடம் ஆதலால் இவ்வேறுபாடு நேர்ந்தது என்று சிலர் வாதிட்டனர். அடுத்த ஆண்டு அவ்விருவரும் வடிவியல் விடைத்தாள் ஒன்றை அனுப்பினர். அதற்குக் கிடைத்த மதிப்பெண்கள் 28-இல் தொடங்கி 90-ஐயும் கடந்தன. கணக்குக்கும் இதே நிலை என்றால், சிந்தனையை எழுதும் கட்டுரைக்கு நேர்வதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வேறுபாட்டின் காரணத்தை 1961-இல் பால் டீடரிக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் துலக்கினர். கல்லூரி முதலாண்டு மாணவர் எழுதிய 300 கட்டுரைகளை, ஆசிரியர், எழுத்தாளர், வழக்கறிஞர், வணிகத் தலைவர் எனப் பல துறையினரான 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். எப்படிப் பிரிப்பது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன: ஒரே கட்டுரை ஒருவர்க்கு முதல் தரம், மற்றொருவர்க்குக் கடைத் தரம். எந்தக் கட்டுரையும் ஐந்துக்குக் குறைந்த தரங்களைப் பெறவில்லை.

அத்தீர்ப்புகளைக் காரணிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தியபோது, மதிப்பிட்டோர் ஐந்து குழுக்களாகப் பிரிந்து நின்றது தெரிந்தது. ஒரு குழு கருத்தையே முதன்மையாக நோக்கியது. ஒன்று எழுத்துப்பிழை, தொடர்ப்பிழைகளை எண்ணியது. ஒன்று அமைப்பொழுங்கைத் தேடியது. ஒன்று சொல்லாட்சியை எடைபோட்டது. மற்றொன்று எழுதியவரின் தனித்தன்மையைச் சுவைத்தது. ஐந்து குழுவினரும் கவனத்தோடுதான் படித்தனர். ஒவ்வொருவரும் வேறு ஒன்றை அளந்தனர் என்பதே உண்மை. எவற்றை அளக்க வேண்டும் என்பதில் முன்கூட்டியே உடன்பாடு காண்பது மதிப்பீட்டின் முதற்படி என்னும் அறிவு இவ்வாய்விலிருந்து வலுப்பெற்றது.

சட்டகத்தின் உறுப்புகள்

மதிப்பீட்டுச் சட்டகத்திற்கு உறுப்புகள் மூன்று. எவற்றை நோக்க வேண்டும் எனச் சொல்லும் கூறுகள்; ஒவ்வொரு கூற்றிலும் ஏறிச்செல்லும் நிலைகள்; ஒவ்வொரு நிலையிலும் படைப்பு எப்படி இருக்கும் என உரைக்கும் விவரிப்புகள். படைப்பு முழுமைக்கும் ஒரே தரம் வழங்குவது முழுநோக்கு முறை. கூறுதோறும் தனித்தனியே தரம் வழங்குவது பகுப்பு முறை. விரைவு வேண்டும் இடத்தில் முன்னது உதவும். கற்பவர்க்குத் திருத்தம் காட்ட வேண்டும் இடத்தில் பின்னதே சிறக்கும்.

கூறுகளை வகுத்துப் படைப்பை நோக்கும் வழக்கம் தமிழ் மரபுக்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்து, அழகுகள் பத்து என வரையறுத்துள்ளார். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வதும், வேண்டாததைக் கூட்டிச் சொல்வதும், முன்பின் முரணுவதும் அவர் கண்ட குற்றங்களுள் சில. இன்று ஓர் இடுபணிக் கட்டுரையை மதிப்பிடும் விரிவுரையாளரும் இவற்றையே தேடுகிறார். நன்னூலார் கூறுகளைத் தந்தார். ஒவ்வொரு கூற்றுக்கும் படிநிலைகளை எழுதிச் சேர்த்தது தற்காலக் கல்வியியலின் பங்கு.

சட்டகத்தின் உயிர் விவரிப்பில் உள்ளது. மிக நன்று, நன்று, போதுமானது, குறை என்னும் நான்கு சொற்களைக் கட்டங்களில் நிரப்பிவிட்டால் சட்டகம் ஆகிவிடாது. நன்று எனப்படுவது யாது என்னும் பழைய கேள்வி அப்படியே எஞ்சி நிற்கும். கண்ணால் கண்டு சுட்டத்தக்க தன்மையை விவரிப்பு சொல்ல வேண்டும்.

பாடத்திட்டத்தை மதிப்பிடல்

பாடத்திட்டத்தில் பார்க்கத்தக்க கூறுகள் பல: உள்ளடக்கத் தரமும் கற்றல் தரமும் பொருந்துதல், பாடத்தைத் தொடங்கிவைக்கும் பீடிகையின் தொடர்பு, நடவடிக்கைகளின் ஒழுங்கு, பயிற்றுத் துணைப்பொருளின் தேவை, காலப் பகிர்வு. இவை அனைத்தையும் தாங்கி நிற்பது நோக்கமும் மதிப்பீடும் ஒன்றோடொன்று இணங்குதல். நோக்கம், கற்பித்தல், மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒரே திசையில் செல்ல வேண்டும் என்னும் கொள்கையை ஜான் பிக்ஸ் 1996-இல் விரிவாக விளக்கினார். மாணவர் ஐந்து வாக்கியங்களில் ஒரு நிகழ்வை விவரித்து எழுதுவர் என்பது நோக்கமாக இருக்க, பாட முடிவில் அவர்களை உரத்து வாசிக்கச் செய்து முடித்தால், அப்பாடத்தின் நோக்கம் நிறைவேறியதா என்பதை யாராலும் கூற முடியாது.

இந்த ஒரு கூற்றுக்கு நான்கு நிலைகளை இவ்வாறு எழுதலாம். முதல் நிலையில், அறிவர், உணர்வர் போன்ற அளக்க இயலாத சொற்களால் நோக்கம் அமைந்திருக்கும். இரண்டாம் நிலையில், நோக்கம் அளக்கத்தக்கது. ஆயின் மதிப்பீடு வேறொரு திறனைச் சோதிக்கும். மூன்றாம் நிலையில், நோக்கம் கூறும் திறனையே மதிப்பீடு சோதிக்கும். எல்லா மாணவர்க்கும் பணி ஒன்றே. நான்காம் நிலையில், அதே திறனைப் பின்தங்கியோர்க்கும் முந்தியோர்க்கும் ஏற்ற படிகளில் சோதிக்கும் பணிகள் அமைந்திருக்கும். இதனைப் படிக்கும் பயிற்சி ஆசிரியர், தம் பாடத்திட்டம் இரண்டாம் நிலையில் நிற்பதைத் தாமே காண்பார். மூன்றாம் நிலைக்குச் செல்ல எதை மாற்ற வேண்டும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும்.

சிந்தனை மீட்சியை மதிப்பிடல்

பாடத்திட்டம், சிந்தனை மீட்சி, இடுபணி ஆகிய மூன்றினுள் மதிப்பிட மிகக் கடினமானது சிந்தனை மீட்சி. ஒரு நம்பிக்கையை அதன் ஆதாரங்களோடு ஊன்றி ஆராய்வதே மீள்சிந்தனை எனும் கருத்தை ஜான் டூயி 1910-இல் எழுதிய நூலில் விளக்கினார். செயலின் நடுவே சிந்திப்பதும் செயல் முடிந்தபின் அதைப் பற்றிச் சிந்திப்பதும் வேறுவேறு என டொனால்டு ஷோன் 1983-இல் காட்டினார். 1995-இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ஹேட்டன், ஸ்மித் ஆகிய இருவரும் பயிற்சி ஆசிரியர்களின் எழுத்துகளை ஆராய்ந்து, அவற்றை நான்காக வகுத்தனர்: நிகழ்ச்சியை மட்டும் கூறல், காரணத்தோடு கூறல், தன்னோடு தான் உரையாடிப் பல காரணங்களை எடைபோடல், சமூகச் சூழலில் வைத்து ஆராய்தல்.

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நன்கறிந்த ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். “28 மாணவர்களுள் 22 பேர் நோக்கத்தை அடைந்தனர், 6 பேர்க்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது.” இது நிகழ்ச்சியைக் கூறல், ஆராய்ச்சி இதில் இல்லை. “அறுவரும் ளகர, ழகரங்களை மாற்றி எழுதினர்; பயிற்சிக்கு நேரம் போதவில்லை” என்பதில் காரணம் தோன்றிவிட்டது. “நேரக் குறைவே காரணம் என முதலில் எண்ணினேன்; அறுவரையும் வாசிக்கச் செய்தபோது இரண்டு ஒலிகளையும் ஒன்றாகவே ஒலித்தனர்; ஆதலால் எழுத்துப் பயிற்சியைக் கூட்டுமுன் ஒலிப்புப் பயிற்சி வேண்டும்” என்பதில் ஒரு காரணம் மற்றொன்றோடு மோதி, சான்றால் முடிவு பிறக்கிறது. “அவர்கள் நாள்தோறும் கேட்கும் பேச்சில் இவ்வொலி வேறுபாடு இல்லை, வகுப்பில் அப்பேச்சைப் பிழையெனத் திருத்திக்கொண்டே இருந்தால் அவர்கள் பேசுவதையே நிறுத்திவிடக்கூடும், பேச்சு வழக்கை மதித்தவாறே எழுத்து வழக்கைக் கற்பிக்கும் வழி எது?” என்னும்போது சிந்தனை வகுப்பறையைக் கடந்து மக்கள் வாழ்வைத் தொடுகிறது. நான்கும் ஒரே பாடத்தைப் பற்றியவை. அவற்றிடையே உள்ள வேறுபாட்டைச் சுட்டிக் காட்ட இயலும். ஆதலால் அளக்கவும் இயலும்.

இங்கே ஓர் அறம் காக்கப்பட வேண்டும். தம் உள்ளத்தைத் திறந்து எழுதுபவரின் உணர்வுக்கு மதிப்பெண் இடுதல் தகாது. குறையை ஒப்புக்கொண்டால் புள்ளி கூடும் என்று கண்டுகொண்டால், இல்லாத குறையையும் எழுதும் போலித்தனம் வளரும். சான்று, காரணம், மாற்று விளக்கம், அடுத்த செயல் ஆகியவற்றையே சட்டகம் அளக்க வேண்டும். வருத்தம், மகிழ்ச்சி, தன்னம்பிக்கை ஆகியவை எழுதியவர்க்கே உரியவை.

உடன்பாட்டை அளக்கும் கணக்கு

சட்டகம் இருந்தால் போதுமா? இருவர் அதனைக் கொண்டு ஒரே முடிவுக்கு வருகின்றனரா என்பதை அளந்து பார்க்க வேண்டும். ஒத்துப்போன எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். குருட்டு வாய்ப்பாலும் சில ஒத்துப்போகும். அந்த வாய்ப்பைக் கழித்துக் கணக்கிடும் கப்பா என்னும் கெழுவை ஜேக்கப் கோஹன் 1960-இல் உருவாக்கினார்.

ஓர் எடுத்துக்காட்டு: 50 சிந்தனை மீட்சிகளை இருவர் போதும், போதாது என இரண்டாகப் பிரிக்கின்றனர் எனக் கொள்வோம். இருவரும் போதும் என்றவை 30. இருவரும் போதாது என்றவை 8. கருத்து வேறுபட்டவை ஒருபுறம் 6, மறுபுறம் 6. ஒத்தவை 38, அதாவது 76 விழுக்காடு. பார்வைக்கு நன்றாகவே தோன்றுகிறது. ஆனால் இருவரும் தனித்தனியே 72 விழுக்காட்டுக்குப் போதும் என்றுள்ளனர். ஆகவே வெறும் வாய்ப்பாலேயே ஏறத்தாழ 60 விழுக்காடு ஒத்துப்போகும். வாய்ப்பைக் கழித்தபின் கிடைக்கும் கப்பா ஏறத்தாழ 0.40. முழு உடன்பாட்டுக்கு 1, வாய்ப்பளவான உடன்பாட்டுக்கு 0 என்னும் அளவுகோலில் இது பாதியளவையும் எட்டவில்லை. 76 என்னும் எண் தந்த நிறைவை இக்கணக்கு கலைத்துவிடுகிறது.

2007-இல் ஜான்சன், ஸ்விங்பி ஆகிய சுவீடன் ஆய்வாளர்கள் 75 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். பகுப்பு முறையில் அமைந்து, குறிப்பிட்ட பணிக்கென்றே எழுதப்பட்டு, மாதிரிப் படைப்புகளாலும் மதிப்பிடுவோர்க்கான பயிற்சியாலும் துணைசெய்யப்பட்ட சட்டகங்கள் நம்பகத்தன்மையை உயர்த்துகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. சட்டகம் இருப்பதனால் மட்டும் மதிப்பீடு ஏற்புடையதாகிவிடாது என்றும் அவர்கள் எச்சரித்தனர்.

ஏற்புடைமை

நம்பகத்தன்மை வேறு, ஏற்புடைமை வேறு: முன்னது அளவு மாறாமை, பின்னது அளக்க வேண்டியதையே அளத்தல். பேராக் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்கள் இதனை எளிதில் உணரும். வாளியில் வந்த பாலின் எடை ஒன்று. அதில் உள்ள உலர் ரப்பரின் அளவு மற்றொன்று. புதிய பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அதுவும் மழைக்கும் மரத்துக்கும் ஏற்ப மாறும். எடையை எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எண் வரும். அந்த எண் ரப்பரின் அளவைச் சொல்லிவிடாது. சிந்தனை மீட்சியின் பக்க அளவும், பாடத்திட்டத்தில் நிரப்பப்பட்ட கட்டங்களின் எண்ணிக்கையும், கட்டுரையின் மேற்கோள் தொகையும் பாலின் எடை போன்றவை. அவற்றில் எல்லாரும் உடன்படுவர். சிந்தனையின் அளவு அவற்றால் தெரியாது. எளிதில் எண்ணத்தக்கதைச் சட்டகத்தில் எழுதி, அரிதில் காணத்தக்கதை விட்டுவிடுவதே சட்டகம் வகுப்போர் செய்யும் பெரும்பிழை.

மற்றொரு வரம்பையும் மறைக்கலாகாது. எந்தச் சட்டகமும் எதிர்பாராத சிறப்பை முழுமையாக முன்னுணர இயலாது. வகுத்த கூறுகள் எவற்றிலும் அடங்காமல் ஒரு படைப்பு உயர்ந்து நிற்கும் நேரம் உண்டு. முன்னரே முடிவுசெய்த கூறுகளை மட்டும் நம்புவதன் குறையை ராய்ஸ் சாட்லர் போன்ற கல்வியாளர்கள் விரிவாக எழுதியுள்ளனர். அத்தகைய படைப்பைக் கண்டால், ஆசிரியர் சட்டகத்துக்குப் புறம்பான தம் தீர்ப்பைக் காரணத்தோடு எழுதிவைக்க வேண்டும். பின்னர்ச் சட்டகத்தைத் திருத்த வேண்டும். திருத்தப்படாத சட்டகம் காலப்போக்கில் வெறும் படிவம் ஆகிவிடும்.

செய்யத்தக்கவை

லூமுட், சித்தியவான், பங்கோர் ஆகியவற்றின் தமிழ்ப்பள்ளிகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. ஒரு பள்ளியில் ஒருவராக நிற்கும் தமிழாசிரியர்கள் பருவத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடலாம். ஒவ்வொருவரும் தம் மாணவர் எழுதிய சில கட்டுரைகளைப் பெயர் நீக்கிக் கொண்டுவரலாம். எல்லாவற்றையும் எல்லாரும் தனித்தனியே அடைவுநிலைப்படுத்திய பின், மாறுபட்டவற்றை மட்டும் எடுத்து வைத்து, ஏன் மாறினோம் என விவாதிக்கலாம். உடன்பட்டபின், ஒவ்வோர் அடைவுநிலைக்கும் ஒரு மாதிரிக் கட்டுரையைத் தேர்ந்து சட்டகத்தோடு சேர்த்து வைக்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. ஒரு நண்பகல் போதும்.

சட்டகம் மாணவர் கைக்கும் செல்ல வேண்டும். பணி முடிந்தபின் மதிப்பெண்ணோடு வரும் சட்டகம் தீர்ப்புரையாகவே நின்றுவிடும். பணி தொடங்குமுன் வரும் சட்டகம் வழிகாட்டும். மாணவர் ஒருவர்க்கொருவர் படைப்பை அதனைக் கொண்டு நோக்கட்டும், கண்டதை எடுத்துரைக்கட்டும். ஆசானிடம் கேட்பதால் வருவது புலமையின் கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகி ஒரு கால் பங்கும், பிறர்க்கு விளக்கி எஞ்சிய அரைப் பங்கும் நிரம்பும் என்பது நன்னூலாரின் கணக்கு. பயிற்சி ஆசிரியர்க்கும் இதுவே நெறி: தம் பாடத்திட்டத்தைப் பிறர் மதிப்பிடுமுன் தாமே மதிப்பிட்டு, அதற்குரிய காரணத்தையும் எழுதட்டும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, தேர்வுத்தாளின் இடத்தில் இன்று பெருமளவில் உங்கள் தீர்ப்பு நிற்கிறது. அத்தீர்ப்பின் அடிப்படையை எழுத்தில் வையுங்கள், உடன் ஆசிரியர்முன் வைத்துச் சோதியுங்கள், மாணவர்க்கு முன்கூட்டியே காட்டுங்கள், ஆண்டுதோறும் திருத்துங்கள். நம் பிள்ளைகளின் எழுத்து, படிப்பவர் யார் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறாமல், அதன் தகுதிக்கேற்ற மதிப்பைப் பெற வேண்டும். அது அவர்களின் உரிமை. அதனை உறுதிசெய்வது நம் கடமை.